தங்கச்சிமடத்துல மேட்ச் கணக்குல காசு வாங்குற அக்கா கடை: ரெண்டு வருஷம் போனவளோட ரிவ்யூ

போன வாரம் எங்க தெருவுல ஒரு அத்தை என்னய நிப்பாட்டி, "ஏத்தா, நீ அந்தக் கம்ப்யூட்டர் கடைக்குப் போயிக்கிட்டு தான பிளஸ் டூ எழுதுன, எம்மவன் பத்தாவது, அவனும் அங்க போகணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறான், அனுப்பவா வேணாமா, ஒரு வார்த்தை சொல்லு"ன்னு கேட்டாங்க. ஒரு வார்த்தைல சொல்ல வரல. வாசல்ல நின்னே அரை மணி நேரம் சொன்னேன், வீட்டுக்கு வந்து யோசிச்சா முக்கியமான பாதியச் சொல்லாம விட்டுட்டேன்னு தோணுச்சு, அதான் உக்காந்து எழுதுறேன். பிள்ளைங்களும் படிங்க, பெத்தவங்களும் படிங்க.

ராமேஸ்வரம் பக்கத்துல தங்கச்சிமடம் எங்க ஊரு. அங்க பிள்ளைங்க கம்ப்யூட்டர் கேம் ஆடப் போற கடை இது. பேரு எழுதுன போர்டு கெடையாது, ஜெராக்ஸ்னு மட்டும் மஞ்சள் பெயிண்ட்ல இருக்கும். முன்னாடி ஜெராக்ஸ் மிஷின், லேமினேஷன், அப்ளிகேஷன் போடுறதுக்கு ஒரு கம்ப்யூட்டர். பிளைவுட் தடுப்புக்கு அங்கிட்டு கேமிங் பிசி நாலு, தடுப்புக்கு இங்கிட்டு ரோட்டப் பாத்த மாதிரி ரெண்டு. அந்த ரெண்டு தான் பொம்பளப் பிள்ளைங்களுக்குன்னு கடைய நடத்துற அக்கா ஒதுக்கி வச்சது. உள்ள இருட்டுல உக்காரச் சொன்னா எந்த அம்மாவும் அனுப்ப மாட்டாங்க, ரோட்டுல போற வர்ற சனமெல்லாம் பாக்குற எடத்துல உக்காந்தா யாரும் ஒண்ணும் சொல்ல முடியாதுன்னு அக்கா கணக்கு. அது சரியாத்தான் இருந்துச்சு. எங்கம்மா மீன் வாங்கப் போற வழில எட்டிப் பாத்துட்டுப் போவாங்க, நான் ஹெட்செட் மாட்டிக்கிட்டு கையாட்டுவேன், அவ்வளவு தான்.

நான் ஆடுறது வாலரன்ட். 2020 ஜூன்ல ரயட் கேம்ஸ் கம்பெனி விட்ட துப்பாக்கிச் சண்ட கேம், அஞ்சு பேருக்கு அஞ்சு பேரு ஆன்லைன்ல ஆடணும். எங்க வீட்டுல கம்ப்யூட்டர் கெடையாது, தம்பி போன்ல பிஜிஎம்ஐங்குற துப்பாக்கிச் சண்ட கேம் ஆடுவான், எனக்கு அது ஒத்து வரல. பத்தாவது லீவுல மாமா வீட்டுல இருந்த லேப்டாப்புல தான் இத மொதல்ல தொட்டேன், அதுலேர்ந்து புடிச்ச புடி.

இந்தக் கடைய ஏன் இம்புட்டுத் தூக்கி எழுதுறேன்னா ஒரே காரணம் தான், மத்ததெல்லாம் அதுக்கு அப்புறம். அக்கா மணிக் கணக்குல காசு வாங்குறதில்ல, மேட்ச் கணக்குல வாங்குறாங்க. ரேங்க் மேட்ச், அதாவது ஜெயிச்சா நம்ம ரேங்க் ஏறும், தோத்தா எறங்கும், அது ஒண்ணுக்கு 40 ரூபா. இருபது நிமிஷத்துல முடிஞ்சாலும் 40, ஓவர்டைம் போயி ஒரு மணி நேரம் இழுத்தாலும் 40. டீம் இல்லாம பிராக்டீஸுக்குச் சுட்டுப் பழகுற டெத்மேட்ச் மட்டும் போட்டா 10 ரூபா.

இது சின்ன விஷயமா தெரியும். இதுல தான் எல்லாமே இருக்கு. பெத்தவங்களுக்குப் புரியணும்னு இந்த கேம் எப்படி ஓடுதுன்னு கொஞ்சம் சொல்றேன். மொதல்ல 13 ரவுண்டு ஜெயிக்கிற டீமுக்கு மேட்ச். ஒரு ரவுண்டு 100 செகண்டு, அதுக்கு முன்னாடி துப்பாக்கி வாங்க அரை நிமிஷம், ஸ்பைக்குன்னு ஒரு குண்டு வைக்கணும், வச்சிட்டா அது வெடிக்க 45 செகண்டு. கூட்டிக் கழிச்சா நல்லா இழுக்குற மேட்ச் நாப்பது நிமிஷம் வரும். 12க்கு 12னு நின்னா அதுக்கு மேலயும் போகும். நடுவுல எந்திரிச்சுப் போக முடியாது. போனா மத்த நாலு பேரும் ஆளில்லாம தோப்பாங்க, நமக்கு ரேங்க் பாயிண்ட் கொறையும், கொஞ்ச நேரத்துக்கு அடுத்த மேட்ச் போட விடாம பூட்டிருவான். தம்பி ஆடுற பிஜிஎம்ஐயும் அதே கத தான், ஒரு மேட்ச் அரை மணி நேரம் ஓடும், பாஸ் பட்டன் கெடையாது. "அம்மா கூப்புட்டேன், ரெண்டு நிமிஷம்னான், இருபது நிமிஷம் ஆச்சு வரல"ன்னு எல்லா வீட்டுலயும் நடக்குற சண்டைக்கு வேரு இது தான். பிள்ள பொய் சொல்லல, அம்மா கேட்டதும் தப்பில்ல. கடிகாரமும் மேட்சும் வேற வேற அளவு, அத யாரும் ரெண்டு பக்கத்துக்கும் சொல்லித் தரல.

இதுக்கு முன்னாடி ராமநாதபுரத்துல ஒரு சென்டருக்கு மாமா பையன் கூட போயிருக்கேன், பேரு வேணாம். அங்க மணிக்கு 60 ரூபா. டைமர் முடிஞ்சதும் ஸ்கிரீன் அதுவா லாக் ஆயிரும். 10க்கு 9ல இருந்தோம், நான் தான் ஸ்பைக்க எடுக்கணும், ஸ்கிரீன் கருப்பாயிருச்சு. கவுண்டருக்கு ஓடினா இன்னொரு மணி நேரத்துக்குக் காசு கட்டுன்னாங்க, அஞ்சு நிமிஷத்துக்குக் கெடையாது. கட்டுனேன். கட்டுனதால மீதி அம்பது நிமிஷத்த வீணாக்கக் கூடாதுன்னு அடுத்த மேட்ச் போட்டேன், அதுவும் பாதில லாக். இப்படியே மூணு மணி நேரம் போச்சு, அன்னைக்கு டியூஷன் போச்சு, பஸ்ஸுக்கு மாமா பையன்கிட்ட கடன் வாங்குனேன். மணிக் கணக்கு கடைல பிள்ள படிப்புக்குத் திரும்பி வர்றதுக்கு வழியே இல்ல, மேட்சும் மணியும் ஒரே நேரத்துல முடியறது கெடையாது, ஒண்ண முடிக்க இன்னொண்ண நீட்டிக்கிட்டே போவோம்.

அக்காவும் மொதல்ல மணிக் கணக்கு தான் வச்சிருந்தாங்களாம். மாத்துனதுக்குக் காரணம் அவங்களே சொன்னாங்க. ஒரு நாள் சாயந்தரம் ஒரு பையனோட அம்மா வந்து வாசல்ல நின்னுருக்காங்க, கைல பாசி எடுக்குறப்ப கல்லு கிழிச்ச காயம், கட்டுக் கூட போடல, நேரா கடல்லேர்ந்து வந்திருக்காங்க. பையன் 11க்கு 11ல இருக்கான். எந்திரிக்க முடியல, திரும்பிப் பாக்கவும் முடியல, கண்ணுல தண்ணி ஓடுது, கை மவுஸ்ல இருக்கு. அம்மாவும் அழுகுறாங்க. அக்கா என்ன செய்யறதுன்னு தெரியாம ரெண்டு பேருக்கும் நடுவுல நின்னுருக்காங்க. அன்னைக்கு ராத்திரியே மணிக் கணக்க எடுத்துட்டு மேட்ச் கணக்கு போட்டாங்க. அதுலேர்ந்து யாரு உள்ள போனாலும் எத்தன மேட்ச்னு மொதல்ல சொல்லணும், நோட்டுல பேரு, மேட்ச் எண்ணிக்கை, ஆரம்பிச்ச நேரம் எழுதுவாங்க, வீட்டுல இருந்து போன் வந்தா "ரெண்டாவது மேட்ச்சு ஓடுது, ஏழே கால்குள்ள வந்துருவா"ன்னு அக்காவே சொல்லிருவாங்க. எங்கம்மா அதுக்கப்புறம் கடைக்கு ஆள் அனுப்புனதே இல்ல.

பள்ளிக்கூட நாள்ல ரெண்டு மேட்ச்சுக்கு மேல கெடையாது. சனி, ஞாயிறு மூணு. ஞாயிறு காலைல பூசை முடியற வரைக்கும் கடை தெறக்காது. எட்டு மணிக்கு ஷட்டர், ஏழேகாலுக்கு மேல புது மேட்ச் போட விட மாட்டாங்க. பரீட்சைக்கு முந்துன நாள் அந்தக் கிளாஸ் பிள்ளைங்க யாரும் உள்ள வரக் கூடாது, டைம்டேபிள ஜெராக்ஸ் எடுக்க எல்லாரும் அவங்ககிட்ட தான வர்றோம், ஒரு காப்பி செவுத்துல ஒட்டிருவாங்க, தப்பிக்க முடியாது.

இப்ப என் கதைக்கு வர்றேன், ஏன்னா இம்புட்டு ரூல் இருந்தும் நான் கோட்ட விட்டேன். அதயும் சொல்லணும்ல.

பிளஸ் டூ, 2024 ஆகஸ்ட். தெனமும் ரெண்டு மேட்ச்சு தான, ரூலுக்குள்ள தான இருக்கோம்னு நெனச்சேன். காலாண்டுல இயற்பியல் 70க்கு 28. அந்த பேப்பர்ல அப்பா கையெழுத்து வாங்கணும், அப்பா பாக்குறதுக்குள்ள ஒரு காப்பி எடுத்து வச்சுக்கலாம்னு அக்கா கடைக்கே போனேன், வேற எங்க போறது. அக்கா ஜெராக்ஸ் எடுக்குறப்ப மார்க்கப் பாத்தாங்க. திட்டுவாங்கன்னு நெனச்சேன். திட்டல. நோட்டப் பிரிச்சு ஆகஸ்ட் பக்கத்த காட்டி "எண்ணு"ன்னாங்க. 38 மேட்ச். கால்குலேட்டர எடுத்து 38ஐ 40ஆல பெருக்குனாங்க, 1520. "இது நீ எனக்குக் குடுத்த ரூபா. மேட்ச்சுக்கு நாப்பது நிமிஷம்னு வச்சா நிமிஷமும் அதே 1520 தான். இருபத்தஞ்சு மணி நேரம். இயற்பியலுக்கு எத்தன மணி நேரம் குடுத்தன்னு நீயே சொல்லு"ன்னாங்க. சொல்ல முடியல. நான் சின்னப் பிள்ளைங்களுக்கு டியூஷன் எடுத்துத் தான் அந்தக் காசு சேத்தது. ஊரு பிள்ளைங்கள படிக்க வச்ச காசுல என் படிப்ப விட்டுருக்கேன்னு அன்னைக்குத் தான் ஒறச்சுச்சு. தன் கடைக்கு வர்ற காசு கொறையும்னு தெரிஞ்சே அத எண்ணிக் காமிச்ச ஆளு அவங்க, அதுக்காகவே எத்தன ஸ்டாரு வேணாலும் குடுப்பேன்.

அப்பாகிட்ட சொன்னது அடுத்த கத. எங்கப்பா ராமேஸ்வரத்துலேர்ந்து விசைப்படகுல போறவரு. தெரியாதவங்களுக்குச் சொல்றேன், எங்க பக்கம் பாக் ஜலசந்தில விசைப்படகுக்குத் திங்கள், புதன், சனி மூணு நாள், நாட்டுப்படகுக்கு மத்த நாலு நாள்னு ஒரு முறை இருக்கு. முந்தி காலத்துல விசைப்படகு வலைல வள்ளத்துக்காரங்க வலை அறுந்து பெரிய சண்டையெல்லாம் நடந்து அதுக்கப்புறம் வந்த முறை. நான் மார்க்க காமிச்சு, இனிமே போகலப்பான்னு அழுதேன். அப்பா மார்க்கப் பாத்தாரு, நோட்டுல எண்ணுன கணக்கயும் கேட்டாரு. "போகாதன்னு நான் எங்க சொன்னேன். ஒரே கடல்ல ரெண்டு பேரு பொழைக்கணும்னா நாளப் பிரிச்சுக்கிறணும்த்தா. நீ தெனமும் ரெண்டையும் ஒண்ணா எறக்குற, வலை அறுகாம என்ன செய்யும்"னாரு. அவரு கடலுக்குப் போற நாளு என் கேமுக்கு, மத்த நாலு நாளும் முழுசா படிப்புக்குன்னு அவரே பிரிச்சாரு. திங்கள் ஒண்ணு, புதன் ஒண்ணு, சனி மூணு. வாரத்துக்கு அஞ்சு, மாசத்துக்கு இருபது, பதிமூணு மணி நேரத்துக்குச் சொச்சம். அக்கா நோட்டுல என் பேருக்கு நேரா அதயே எழுதி வச்சுட்டாங்க, வியாழக்கிழமை போனா ஜெராக்ஸ் மட்டும் தான்.

நாளப் பிரிச்சது எவ்வளவு உதவுச்சுன்னு பிரிச்சதுக்கு அப்புறம் தான் தெரிஞ்சுச்சு. தெனமும் கொஞ்சம் ஆடுறப்ப தெனமும் மனசு பாதி அங்க இருக்கும், இன்னைக்கு எப்ப போலாம்னு பள்ளிக்கூடத்துலயே ஓடிக்கிட்டு இருக்கும். நாள் கெடையாதுன்னு ஆனப்புறம் அந்த நாள்ல அந்த நெனப்பே வரல. செவ்வா, வியாழன் காலைல வெள்ளன எந்திரிச்சு டெரிவேஷன் எழுதுனா மண்டைல நின்னுச்சு.

இன்னொண்ணு நானா கண்டுபுடிச்சது, இது ரேங்க் ஆடுற எல்லாருக்கும் உதவும்னு நெனைக்கிறேன். தோத்த மேட்ச்சு முடிஞ்சதும் முடியாது, மண்டைக்குள்ள இன்னும் ஒரு மணி நேரம் ஓடும், அந்த ரவுண்டுல நான் ஏன் அங்க நின்னேன், அவன் ஏன் ஸ்மோக் போடலன்னு. அந்த நேரத்துல புது பாடத்த எடுத்தா ஒண்ணும் ஏறாது, படிச்ச மாதிரி பக்கம் மட்டும் திரும்பும். அதனால தோத்த நாள்ல கைவேலை மட்டும் எடுத்தேன், ரெக்கார்டு நோட்டு, உயிரியல் படம், புக் பேக் ஒன் வேர்டு எழுதிப் பாக்குறது. கை ஓடுறப்ப மண்டை தானா அடங்கும். ஜெயிச்ச நாள்ல கணக்கு அஞ்சு மார்க்கு. கடை முன்னாடி ஜெராக்ஸ் மேஜைல ஒரு ஓரத்த அக்கா காலியா வச்சிருப்பாங்க, மேட்ச் முடிஞ்சதும் நேரா வீட்டுக்குப் போகாம அங்க உக்காந்து பத்து நிமிஷம் ரெக்கார்டு எழுதிட்டுப் போறவங்க எங்க செட்டுல நாலஞ்சு பேரு. எழுதுறதுக்குக் காசு கெடையாது, ஸ்கேலும் ஸ்கெட்ச்சும் அங்கயே இருக்கும்.

ரேங்க் என்னாச்சுன்னு கேப்பீங்க. எறங்குச்சு. ஆகஸ்ட்ல கோல்டு 2, ஜனவரில சில்வர் 3. வருத்தமா இருந்துச்சு, ரொம்பவே. அதவிட பெரிய வருத்தம் டீம். ஆன்லைன்ல கோயம்புத்தூர் பிள்ளைங்க மூணு பேரு, இங்க நானும் இன்னொரு பொண்ணும், அஞ்சு பேரா சேந்து சின்ன சின்ன டோர்னமெண்ட் ஆடப் பாத்துக்கிட்டு இருந்தோம். அதெல்லாம் வாரநாள்ல ராத்திரி ஏழு மணிக்கு மேல தான் நடக்கும், பதினோரு மணி வரைக்கும் இழுக்கும். அக்கா கடை எட்டுக்கு மூடிரும், மூடலன்னாலும் காலைல ஆறரைக்கு ஸ்பெஷல் கிளாஸ். நவம்பர்ல நானே டீம விட்டு வெளிய வந்தேன். ஒருத்தி "படிக்கிறவ எதுக்கு டீமுக்கு வந்த"ன்னு கேட்டுட்டுப் போயிட்டா. இதுக்கு அக்கா கடைல மருந்து கெடையாது, எந்தக் கடைலயும் கெடையாது. போட்டின்னு எறங்குனா அடுத்தவங்க நேரமும் நம்ம நேரமும் ஒத்து வரணும், பிளஸ் டூல அது ஒத்து வராது. போட்டி ஆடணும்னு ஆசைப்படுறவங்க பதினொண்ணாவது முடியறதுக்குள்ள எவ்வளவு ஆடணுமோ ஆடிக்கோங்க, பிளஸ் டூ வருஷம் ரேங்க காப்பாத்துறதோட நிறுத்துங்க, இது நான் கஷ்டப்பட்டுப் பாத்தது.

ஜனவரிலேர்ந்து சனிக்கிழமை ஒரே மேட்ச். பிப்ரவரில பிராக்டிகல் ஆரம்பிச்சதும் சுத்தமா இல்ல, மார்ச் கடைசில பரீட்சை முடியற வரைக்கும். 2025 மே மாசம் ரிசல்ட், இயற்பியல் தியரில 70க்கு 61, மொத்தம் 600க்கு 497. அக்கா கடைல தான் மார்க்ஷீட் பிரிண்ட் எடுத்தேன், அதுக்கு மட்டும் காசு வாங்கல. மே மாசமே திரும்ப ஆடி கோல்டுக்கும் மேல பிளாட்டினம் வந்துட்டேன். ரேங்க் எங்கயும் ஓடிப் போகாது, ஒரு வருஷம் வச்சிட்டு வந்தாலும் ரெண்டு மாசத்துல ஏத்திறலாம்.

மீன்பிடித் தடைக்காலத்தப் பத்தியும் சொல்லணும். ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு போகாது, அரசு குடுக்குற 8000 ரூபா நிவாரணத்துல தான் வீடு ஓடும். அப்ப தான் பள்ளிக்கூடத்துக்கும் லீவு, பிள்ளைங்களுக்கு நேரம் இருக்கும், கைல காசு இருக்காது. அந்த ரெண்டு மாசம் அக்கா மேட்ச்சுக்கு 25 ரூபா தான் வாங்குவாங்க. கேட்டா "எனக்கும் ரெண்டு மாசம் ஜெராக்ஸ் ஓடாது, எல்லாருக்கும் ஒரே தடைக்காலம் தான்"னு சொல்லுவாங்க. போட்ட புடிச்சிட்டாங்கன்னு எலங்கைப் பக்கத்துலேர்ந்து சேதி வர்ற நாள்ல அவங்க பிசி எதயும் ஆன் பண்ண மாட்டாங்க, உள்ள யாராவது பிள்ளயோட அப்பா அந்த போட்ல இருக்கலாம்ல.

காசு வச்சு ஆடுற சமாச்சாரம் பத்தி நெறய அம்மாங்களுக்குக் கொழப்பம் இருக்கு, ரம்மி ஆடி கடன்பட்டவங்க சேதி பாத்துட்டு எல்லாம் ஒண்ணுன்னு நெனைக்கிறாங்க. ஒண்ணு இல்ல. 2025 ஆகஸ்ட்ல மத்திய அரசு கொண்டு வந்த ஆன்லைன் கேமிங் சட்டத்துலயே காசு கட்டி ஆடுற கேமுக்குத் தடை, வெறும் போட்டியா ஆடுற கேம், அதான் இ-ஸ்போர்ட்ஸ், அத தனியா விளையாட்டுன்னு ஏத்துக்கிட்டாங்க. ஹாங்சோ ஆசியப் போட்டில 2023ல இ-ஸ்போர்ட்ஸுக்கு மெடலே குடுத்தாங்க. அதுக்கு முந்துன வருஷம் பர்மிங்ஹாம்ல நடந்த காமன்வெல்த் இ-ஸ்போர்ட்ஸ்ல நம்ம நாட்டுப் பசங்க டோட்டா 2ங்குற கேம்ல வெண்கலம் வாங்கிட்டு வந்தாங்க. அந்த போட்டோவ அம்மாகிட்ட காமிச்சேன், அம்மா ரொம்ப நேரம் பாத்துட்டு "நல்லா இருக்குதுக பிள்ளைங்க"ன்னாங்க, வேற ஒண்ணும் கேக்கல. அக்கா கடைல காசு வச்சு ஆடுற எதுவும் கெடையாது, போன்ல ரம்மி ஆடுனாக் கூட வெளிய போகச் சொல்லிருவாங்க. கேம்ல துப்பாக்கிக்குக் கலர் மாத்துற ஸ்கின் வாங்க காசு கட்டித் தரச் சொன்னாலும் அம்மா வந்து சொன்னாத்தான் கட்டுவாங்க.

போன்ல டைம் லிமிட் இருக்கே, அது போதாதான்னு அந்த அத்தை கேட்டாங்க. 2022 ஜூலைல தூக்குன பிஜிஎம்ஐ 2023 மே மாசம் திரும்ப வந்தப்ப 18 வயசுக்குக் கீழ ஒரு நாளைக்கு 3 மணி நேரம்னு வச்சு தான் விட்டாங்க. மூணு மணி நேரங்குறது பள்ளிக்கூடம் போற பிள்ளைக்கு ரொம்ப ஜாஸ்தி. நாலரைக்கு வீட்டுக்கு வர்ற பையன் ஒம்பது மணிக்குத் தூங்கணும்னா நடுவுல படிப்பு, சாப்பாடெல்லாம் போக மிச்சமே ஒண்ணரை மணி நேரம் தான். அப்பா போன், அம்மா போன்னு மாத்தி மாத்தி ஆடுனா அந்த லிமிட்டும் இல்ல. என் தம்பிய அதனால தான் சனிக்கிழமை இங்க கூட்டிட்டு வந்து அக்கா நோட்டுல பேரு போட வச்சேன்.

எல்லாப் பிள்ளைக்கும் இந்தக் கடை சரிப்பட்டு வராது, அதயும் மறைக்கக் கூடாது. ஒம்பதாவது படிக்கிற ஒரு பையன், சோறு திங்காம, பள்ளிக்கூடம் போகாம, ஒரு வருஷத்துக்கு மேல போனும் கையுமா இருந்தவன், ஆட விடலன்னா வீட்டுல சாமான உடைக்கிற அளவுக்குப் போயிட்டான். அவங்கம்மா இங்க அனுப்புனா ரூல்ல அடங்குவான்னு கூட்டிட்டு வந்தாங்க. அக்கா சேக்கல. "இது என் நோட்டுல அடங்குற விஷயம் இல்லம்மா, டாக்டர பாருங்க"ன்னு சொல்லி 14416 டெலி மானஸ் நம்பர எழுதிக் குடுத்தாங்க, தமிழ்லயே பேசுவாங்க, காசு கெடையாது. கையடங்காம, மத்த எல்லாத்தயும் விட்டுட்டு, கெட்டுப் போறோம்னு தெரிஞ்சும் நிறுத்த முடியாம ஒரு வருஷம் போல ஆடிக்கிட்டே இருந்தா அத நோய்னு உலக சுகாதார நிறுவனமே 2022லேர்ந்து நடப்புல இருக்குற அவங்க பட்டியல்ல சேத்துருக்கு. ஒரு பரீட்சைல மார்க் கொறஞ்ச பிள்ளைக்கும் அந்தப் பையனுக்கும் வித்தியாசம் இருக்கு, ரெண்டு பேரயும் ஒரே அடியா அடிக்காதீங்க.

இப்ப கொறை. நெட் பிங், அதாவது நாம அமுக்குனது சர்வருக்குப் போயி வர்ற நேரம், மும்பை சர்வருக்கு சாதாரணமா 45லேர்ந்து 55 மில்லிசெகண்டு, ஆடலாம், ஆனா கச்சான் காத்து அடிக்கிற மாசத்துல திடீர்னு 200 போகும். கரண்டு போனா இன்வெர்ட்டர் ஜெராக்ஸுக்கும் ஒரே ஒரு பிசிக்கும் தான். கரண்டால பாதில நின்ன மேட்ச்சுக்கு அக்கா காசு வாங்க மாட்டாங்க, போன ரேங்க் பாயிண்ட் போனது தான். உப்புக் காத்துல யுஎஸ்பி போர்ட்டெல்லாம் துருப்புடிச்சுப் போச்சு, உள்பக்கம் மூணாவது பிசில மவுஸ் அப்பப்ப செத்துரும், அதுல உக்காராதீங்க. ஹெட்செட் பஞ்சு கிழிஞ்சு காது எரியுது, நான் ரெண்டு வருஷமா சொல்றேன் இன்னும் மாத்தல. உள்ள ஃபேன் மட்டும் தான், மே மாசம் வேத்து ஊத்தும். டாய்லெட் கெடையாது, பொம்பளப் பிள்ளைங்களுக்கு இது பெரிய கொறை, அக்கா வீட்டுல விடுவாங்கன்னாலும் அது நாலு வீடு தள்ளி.

2024 நவம்பர் 20, ராமேஸ்வரத்துல ஒரே நாள்ல 40 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சே, அன்னைக்கு கடைக்குள்ள முழங்கால் தண்ணி. நாங்க பிள்ளைங்க ஏழெட்டு பேரு ஓடிப் போயி சிபியு எல்லாத்தயும் தூக்கி ஜெராக்ஸ் மேஜைல வச்சோம். ஒண்ணு போச்சு, அஞ்சு தப்பிச்சுச்சு. அதுலேர்ந்து எல்லா சிபியுவும் பிளாஸ்டிக் மீன் பெட்டிய கவுத்து அது மேல தான் நிக்குது. பாக்க நல்லா இல்லன்னு சிலபேரு எழுதுறாங்க, அந்தத் தண்ணிய பாத்தவங்க அப்படிச் சொல்ல மாட்டாங்க.

2025 அக்டோபர்ல விண்டோஸ் 10க்கு சப்போர்ட் நின்னதால அக்கா எல்லாத்தயும் 11க்கு மாத்துனாங்க, ரெண்டு பிசில வாலரன்ட் தெறக்கவே இல்ல, 9003னு எரர். அது கேம்ல ஏமாத்துறவங்கள புடிக்கிற ஆன்டி சீட் சாஃப்ட்வேர், செக்யூர் பூட்னு ஒரு பாதுகாப்பு செட்டிங்க கேக்குறது, கம்ப்யூட்டரோட பயாஸ் செட்டிங்ல போயி ஆன் பண்ணணும். ஒண்ணு சரியாச்சு, இன்னொண்ணு போர்டு பழசு, இப்ப அதுல அப்ளிகேஷன் மட்டும் தான் போடுறாங்க. தண்ணில போனதோட சேத்து ரெண்டு கொறைஞ்சு, இப்ப ஆடுறதுக்கு நாலு தான், சனிக்கிழமை மதியம் போனா காத்துக் கெடக்கணும், காத்திருக்குற நேரத்துக்குப் புக்கு எடுத்துட்டுப் போயிருங்க, மேஜை ஓரம் காலியா இருக்கும்.

நான் இப்ப ராமநாதபுரத்துல காலேஜ் ரெண்டாவது செமஸ்டர், பாலம் தாண்டி தெனமும் பஸ்ல போயிட்டு வர்றேன். சனிக்கிழமை மட்டும் தான் கடை, அக்கா நோட்டுல இன்னும் என் பேருக்கு நேரா மூணுன்னு இருக்கு. அந்த அத்தை மகன் போன சனிக்கிழமை மொத தடவையா வந்தான், எத்தன மேட்ச்னு அக்கா கேட்டதும் முழிச்சான், ரெண்டுன்னு சொல்லுடான்னு நான் தான் சொன்னேன். போறவங்க சொந்தமா ஹெட்செட் எடுத்துட்டுப் போங்க, சில்லறையா காசு வச்சுக்கோங்க, ஜிபே சிக்னல் இல்லாம அடிக்கடி நிக்குது.